மன்னிக்காத இருவர்

ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம். அதில் ஆறு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு முழம் மல்லிகைப்பூ. ஆப்பிள்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை. புத்தூரில் ஒரு மருத்துவமனையில் என் அப்பா நினைவில்லாமல் கிடந்த நான்காம் நாள் காலை, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வாசலுக்கு இந்தத் தாம்பாளத்தோடு நான்கு பேர் வந்தார்கள். அப்பாவுக்கு மாற்று வேட்டி எடுத்துப் போக அம்மாவும், பள்ளி ஆசிரியையான நானும் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தோம். பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரி செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். ஒரு மனிதரை ரோட்டில் அடித்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் எதை உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று எனக்குத் தெரியாது. பட்டு வேட்டி இல்லை என்பது மட்டும் தெரியும்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். முப்பது வருடமாகக் காலை ஷிஃப்டுக்கு அதே சைக்கிளில், அதே ரோட்டில், இடது ஓரமாகப் போனவர். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. சைக்கிளை அவர் ஓட்டும்போது அது சின்னப் பிள்ளைகள் சைக்கிள் போலத் தெரியும். அன்று காலை பின்னாலிருந்து வந்த ஒரு பைக் அவரைத் தூக்கி எறிந்தது. ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த மற்றவர்கள்தான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார்கள். பைக்கில் வந்தவன் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிட்டான். தலையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தார். ஆனால் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

பட்டு வேட்டிக்காரர் ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவரோடு ஒரு வக்கீல், ஊர்ப் பெரிய மனிதர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், பின்னால் ஒரு பெண். கடைக்காரர்தான் பேசினார். "வண்டி எங்க வண்டிதான்மா. ஆனா ஓட்டினது கடையில லோடு இறக்குற ஆளு. அவசரத்துல எடுத்துட்டுப் போயிருக்கான். கேஸை அவன் பார்த்துக்குவான். ஆஸ்பத்திரிக்கு நாங்க இருக்கோம். நீங்க பெரிய மனசு பண்ணணும்." சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை அம்மாவிடம் நீட்டினார். நான்கு நாளாகத் தூங்காத, சாப்பிடாத என் அம்மா, யாராவது தட்டை நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழகியிருந்தாரோ அதையே செய்தார். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பழங்களை எடுத்து வைத்துவிட்டு, வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு வெற்றிலையையும் குங்குமத்தையும் வைத்துக் கொடுத்தார். அது வெறும் பழக்கம். கை தானாகச் செய்த காரியம்.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சு: தட்டு வாங்கிவிட்டார்கள், சமாதானம் ஆகிவிட்டது. மறுநாள் வக்கீல் போன் செய்து, எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருப்பதாகவும் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். எனக்குப் புரியவில்லை. எதற்குக் கையெழுத்து என்று கேட்டேன். "அதான் தட்டு வாங்கிட்டீங்களேம்மா" என்றார், சலிப்போடு. அம்மாவைக் கையெழுத்துப் போட நான் விடவில்லை. ஆனால் வாங்கியதைத் திருப்பி அனுப்பக்கூட முடியவில்லை. பழங்களை அம்மா மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்து முடித்திருந்தார். அந்த வக்கீலை இன்றைக்குப் பார்த்தாலும் நாலு வார்த்தை கேட்பேன்.

அன்று நான்காவதாக வந்த பெண் உள்ளே வரவில்லை. வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரரின் இரண்டாம் மனைவி. அந்த வீட்டுப் பையனுக்குச் சித்தி. அவன் அப்படிக் கூப்பிட்டதால் பிறகு எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லோருமே அவரைச் சித்தி என்றார்கள். நான் கூப்பிட்டதில்லை. போன மாதம் அவர் இறந்துபோனார். அவருடைய சொந்தக்காரர்கள் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள்: 'பெற்ற தாயினும் மேலான தெய்வம்.' பக்கத்தில் விளக்குப் படம், கைகூப்பும் படம். பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே ஆட்கள் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்டேட்டஸைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தட்டு வாங்கிய மூன்றாம் நாள் காவல் நிலையத்திலிருந்து வரச் சொன்னார்கள். போனேன். பெஞ்சில் இருபது வயதுப் பையன் ஒருவன் குனிந்து உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்தப் பெண், அவன் சட்டையின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்தபடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "டீச்சர், வண்டி ஓட்டினது இவன்தான். எங்க வீட்டுப் பையன். போதை மாத்திரை போட்டுட்டு ஓட்டியிருக்கான். லோடு இறக்குறவரு அன்னைக்கு ஊர்லயே இல்ல, பொண்டாட்டி ஊருக்குப் போயிருந்தாரு. அவருக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. அவரை விடச் சொல்லுங்க." பையனைத் திருவெள்ளறையில் ஒரு சொந்தக்காரர் வயல் மோட்டார் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தார்களாம். இவர் யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிப் போயிருக்கிறார். "பஸ்லதான் கூட்டிட்டு வந்தேன். அவனை ஜன்னல் ஓரமா உக்கார வச்சு இந்தப் பக்கம் நான் உக்காந்துக்கிட்டேன். எழுந்து ஓட முடியாதுல்ல" என்று, ஏதோ காய்கறி வாங்கி வந்த கதை மாதிரி, எழுதிக்கொண்டிருந்த காவலரிடம் சொன்னார்.

நான் அவரை அறைந்தேன். அவனை இல்லை, அவரை. அவர் கண்ணாடி பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. ஒரு பெண் காவலர் என்னைப் பிடித்து இழுத்தார். எல்லாம் தெரிந்துகொண்டுதானே அந்தத் தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார் என்ற ஆத்திரம். எங்களைப் பார்த்து ஊர் சிரித்ததற்கு இவரும் ஒரு சாட்சிதானே என்ற ஆத்திரம். அவர் குனிந்து கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "உங்க அம்மா ரெண்டு கையாலயும் வாங்கினாங்க பாருங்க. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை" என்றார். நான் அடித்ததற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. அப்போது வருத்தம் இல்லை.

லோடு இறக்குகிறவரை விட்டுவிட்டு அவனை உள்ளே வைத்தார்கள். கேஸ் நடந்தது, அவன் ஒப்புக்கொண்டான், சில மாதங்கள் சிறையில் இருந்தான். ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டுச் சொந்தபந்தம் முழுக்க அவரைக் கரித்துக் கொட்டியது. "மாற்றாந்தாய் புத்தியைக் காட்டிட்டா." "பெத்தவளா இருந்தா புள்ளையைப் போலீஸ்ல கொண்டுபோய் விடுவாளா?" "சொத்துக்குக் கண்ணு." இதை எங்கள் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்து சொன்னார்கள். பெற்றவர் என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெற்றவர் ஒரு கூலிக்காரரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு மகனை மோட்டார் கொட்டகையில் ஒளித்து வைத்தார். மகன் அங்கேயும் மாத்திரை போட்டுக்கொண்டு கிடந்தான். அதற்குப் பெயர் பாசம். கடைக்காரர் அவரை வீட்டுக்குள் விடவில்லை. அவர் இரண்டு புடவைகளோடு புத்தூரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கே திரும்பிப் போனார்.

அந்த ஆயா வேலைதான் அவரை அந்த வீட்டுக்குக் கொண்டு வந்ததும். பையனுடைய அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். குளிப்பாட்டி, புண் துடைத்து, கடைசி வரை இருந்தார். அவள் இறந்து ஒரு வருடம் கழித்து கடைக்காரர் அவரையே கட்டிக்கொண்டார். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவுக்குக் கழுவ வந்தவள் அம்மா படுத்த அறையிலேயே குடிவந்துவிட்டாள் என்பது அவன் கணக்கு. அவர் போட்ட சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போவானாம். அப்பன் கல்லாவிலிருந்து கேட்டதைக் கொடுத்தார், கேட்காததையும் கொடுத்தார், ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. இதையெல்லாம் அவர் என்னிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. அப்பாவைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

ஆமாம், அப்பாவைத் துடைக்க அவர்தான் வந்தார். மருத்துவமனையிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த உடம்பை அம்மாவும் நானும் சேர்ந்தாலும் நகர்த்த முடியவில்லை. முதுகில் புண் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கதவைத் தட்டி, "மன்னிக்கச் சொல்லி வரலை அக்கா. அவரை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்றார். நான் வெளியே போகச் சொன்னேன். அம்மா வழிவிட்டார். அவர் நேராகக் கட்டிலுக்குப் போய், ஒரு போர்வையை நீளமாக மடித்து அப்பாவுக்கு அடியில் செருகி, ஒரே இழுப்பில் அவரைப் பக்கவாட்டில் திருப்பினார். புண்ணைப் பார்த்தார். "இன்னும் பத்து நாள் விட்டா எலும்பு தெரியும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம் மாத்திப் படுக்க வைக்கணும். நீங்க அழுதுக்கிட்டே இருந்தா மணி பார்க்க மறந்துடுவீங்க" என்றார், அம்மாவைப் பார்த்து.

அன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம், டியூட்டி முடிந்ததும் தினமும் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். புண் ஆறியது. கூலி கொடுக்க அம்மா முயன்றபோது வாங்கவில்லை, காப்பி மட்டும் குடித்தார், அதுவும் சர்க்கரை குறைவாக இருந்தால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அம்மாவும் அவரும் சிரித்துப் பேசுவது எனக்குக் கேட்கும். அதைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரியும். நம் வீட்டில் அந்த வீட்டு ஆள் சிரிப்பதா என்று நான் நோட்டுத் திருத்துகிற சாக்கில் பேனாவை அழுத்தி அழுத்திப் பிள்ளைகளின் காகிதத்தைக் கிழித்திருக்கிறேன்.

இதற்குள் அவன் சிறையிலிருந்து வந்து, நேராக ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்தும் வெளியே வந்திருந்தான். ஒரு நாள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அக்கா, எனக்கு முதுகு போச்சு. நாளையிலிருந்து அவன் வந்து தூக்கட்டும். நான் கூடவே நிப்பேன். வேணாம்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துத் தரேன்" என்றார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி. இடித்துத் தள்ளியவன் கையாலேயே எங்கள் அப்பாவைத் தொட விடுவதா? அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், "உன் கோவம் அவரை எழுப்பி உக்கார வைக்குமாடி? அவன் உக்கார வைப்பான். வரட்டும்" என்றார். அதற்குப் பிறகு அம்மாவோடு நான் ஒரு மாதம் பேசவில்லை.

அவன் வந்தான். மெலிந்து, கண் குழி விழுந்திருந்தான். வாசலிலேயே அவர் அவனை நிறுத்தி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துப் பார்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கட்டிலருகே போய் நின்றவன் அப்பாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். "மூஞ்சியைப் பாருடா. யாரைத் தூக்கப் போறேன்னு தெரியணும்ல" என்றார் அவர். அவன் நிமிர்ந்தான். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு நல்லாயிருந்த இடது கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அவன் அழத் தொடங்கினான்.

அடுத்த வாரத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க, ஸ்ரீரங்கம் வரைக்கும், அப்பா அவனை மன்னித்துவிட்டார் என்று செய்தி. எவ்வளவு பெரிய மனசு என்று வந்து வந்து அப்பாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்களை அடித்து விரட்ட வேண்டும் போலிருந்தது. என் அப்பாவுக்குப் பேச்சு இல்லை. அவருக்கு அவன் யார் என்று தெரியுமா என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒருவேளை தெரிந்து, அந்தக் கையை முறிக்கத்தான் பிடித்தாரோ என்னவோ, பலம் இல்லாததால் பிடித்ததோடு நின்றுவிட்டதோ. பேச முடியாத ஒருவர் சார்பில் ஊரே உட்கார்ந்து மன்னித்துவிட்டது. அவனுடைய அப்பன்கூட யாரிடமோ சொல்லிப் பெருமைப்பட்டாராம். அந்தப் பேச்சை எடுக்காத ஒரே ஆள் அவனுடைய சித்திதான். ஒரு நாள் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிடிச்சாரு. அவ்வளவுதான். என்ன நினைச்சுப் பிடிச்சாருன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரு மன்னிச்சுட்டாருன்னு நீ எங்கேயாவது சொன்னதாக் கேள்விப்பட்டேன், பல்லைப் பேத்துடுவேன். அந்தப் பொண்ணுகிட்ட போய் மன்னிப்பும் கேக்காதே. நீ கேட்டா அது பதில் சொல்லியாகணும். அந்தப் பாரத்தை வேற அது தலையில வைக்கணுமா?" அந்தப் பொண்ணு நான்தான். நான் ஈரத் துணியோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் அவன் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தான். எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர் கண்ணைப் பார்த்ததும் கண்டுகொண்டார். உள்ளே ஒரு காலை வைத்தவனை நெஞ்சில் கைவைத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். முதுகுவலியோடு அன்று அவரே அப்பாவைத் திருப்பினார், அம்மாவும் நானும் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டோம். அவன் வெயிலில் தெருக்குழாயடியில் உட்கார்ந்திருந்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம், நாங்கள் அப்பவே சொன்னோமே என்கிற முகத்தோடு பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாளே மறுபடி இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாற்பது நாள் கழித்துத் திரும்ப வந்தபோதும் அதே வாசல், அதே பாக்கெட் சோதனை, அதே சோப்பு. நடந்ததைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அதற்குப் பிறகு அவன் அப்படி வரவில்லை.

அப்பா மொத்தம் ஆறு வருடம் இருந்தார். அவற்றில் ஐந்து வருடம் அவரைத் தூக்கி உட்கார வைத்தவன், குளிப்பாட்டியவன், சவரம் செய்துவிட்டவன் அவன். காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போது அப்பா எழுந்துகொள்ளத் திமிறுவார். அந்த நேரத்துக்கு அவன் சரியாக வந்துவிடுவான். ஐந்து வருடத்தில் நான் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் அம்மாவிடம், "அந்த ஆள்கிட்ட வெந்நீர் ஆறிடுச்சுன்னு சொல்லு" என்பேன், அவன் நான்கு அடி தள்ளி நிற்கும்போதே. அப்பா போன அன்று கடைசியாக அவரைத் தூக்கியதும் அவன்தான். அப்போதும் எனக்கு ஆத்திரம் வந்தது. என் அப்பாவின் உடம்பு என்னைவிட அவன் கைக்குப் பழகியிருந்தது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்பா இறந்து ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் அவனுடைய சித்தி நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு வந்தார். வெயிலில் முகம் கறுத்து, முன்னைவிடக் கூனிப் போயிருந்தார். ஆசிரியர் அறையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பையிலிருந்து எடுத்தார். புத்தூரில் அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கிப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள். அவன் மேல் கேஸ் இருந்திருப்பதால் யோசிக்கிறார்களாம். சொந்தக்காரர் அல்லாத, ஐந்து வருடமாவது அவனைத் தெரிந்த ஒருவர், அவனைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "அவனை அஞ்சு வருஷம் தினம் பார்த்தவங்க வேற யாரு இருக்காங்க டீச்சர்? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்." இத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் கேட்ட ஒரே காரியம் அது. நான் எழுதாவிட்டால் அவனுக்கு அந்த வேலை இல்லை, மறுபடி அப்பன் கல்லாப்பெட்டிக்குத்தான் போக வேண்டும், அங்கே போனால் என்ன ஆவான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நான் இன்னும் அவனை மன்னிக்கலை. தெரியுமில்ல?" என்றேன்.

"நானும்தான்" என்றார்.

அவர் புடவையை விலக்கி இடது கை முட்டியைக் காட்டினார். அது முழுதாக நீளவில்லை. "காதுல கிடந்ததைக் கழட்டித் தரச் சொல்லி கையை முறுக்கினான். பதினெட்டு வயசு அவனுக்கு. எலும்பு சரியாக் கூடலை. இன்னைக்கும் குளிர் வந்தா வலிக்கும். வலிக்கிற அன்னைக்கெல்லாம் அவனைத் திட்டுவேன், திட்டிக்கிட்டேதான் சோறு போடுவேன். கோவம் போனாத்தான் செய்யணும்னா என்னைக்குச் செய்யறது?" பிறகு புடவையைச் சரி செய்துகொண்டு, "நீங்க அன்னைக்கு ஸ்டேஷன்ல அடிச்சீங்க பாருங்க, அதையும் நான் மறக்கலை டீச்சர்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணிலும் தண்ணீர். எட்டு வருடம் கழித்து, "தப்புதான்" என்றேன். "சரி, எழுதுங்க" என்றார்.

எழுதினேன். பள்ளியில் எத்தனையோ நன்னடத்தைச் சான்று எழுதியிருக்கிறேன், ஒழுக்கமானவர், நேர்மையானவர் என்று கண்ணை மூடிக்கொண்டு. அதில் ஒரு வரிகூட இதற்கு வரவில்லை. இப்படி எழுதினேன்: 'இவர் என் தந்தையின் மீது வண்டியை மோதியவர். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் தினமும் வந்து அவரைத் தூக்கிப் பராமரித்தவர். ஒரு முறையும் அவரைக் கீழே போட்டதில்லை. அவர் முதுகில் மறுபடி புண் வந்ததில்லை.' அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, மெல்லப் படித்தார். முதல் வரியை எடுத்துவிடச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் மறுத்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் இரண்டாம் முறையும் படித்துவிட்டு, "பேரு முன்னாடி இனிஷியல் விட்டுப் போச்சு. அது இல்லாட்டி ஆஃபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். அவன் அப்பனுடைய இனிஷியல். எழுதிக் கொடுத்தேன்.

வேலை கிடைத்தது. ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறான். போன மாதம், அவருக்குச் சிறுநீரகம் கெட்டு அதே மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பள்ளி விட்டதும் போனேன். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. டியூட்டி முடிந்தும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவரைப் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவர் முதுகைப் பார்த்தேன். வேண்டுமென்றே குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருபது நாளாகப் படுத்த படுக்கையாக இருந்தவரின் முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை. அவன் என்னைக் கண்டதும் ஒதுங்கிச் சுவரோரம் போய் நின்றான், எங்கள் வீட்டில் நிற்பது போலவே. தலை லேசாக நரைக்கத் தொடங்கியிருந்தது. அங்கிருந்த நர்ஸ், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார், நீங்களாவது சொல்லுங்கள் மேடம் என்றார்.

என் கோபம் போயிருந்ததா என்று யாராவது கேட்டால், இல்லை. அவனைப் பார்த்ததும் அப்பாவின் சைக்கிள்தான் முதலில் ஞாபகம் வந்தது. அவனிடம் சொல்லச் சொல்ல அங்கே அம்மாவும் இல்லை. "போய்ச் சாப்பிட்டுட்டு வா. நான் இருக்கேன்" என்றேன். அவன் நகரவில்லை. என்னிடமிருந்து நேராக வந்த முதல் வார்த்தை அது, அவனுக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை, அப்படியே நின்றான்.

"போடா" என்று அதட்டினேன். "மணி அஞ்சரை ஆகுது. அடுத்து எத்தனை மணிக்குத் திருப்பணும்?"

"ஏழரைக்கு" என்றான். போனான். நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்தேன்.